சமையற்குறிப்பும் நாட்குறிப்பும்

1

சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிய ஒரு வாசிப்புக் கூட்டத்தில், நாஜி முகாமில் பட்டினி கிடந்த யூதப் பெண்கள் எழுதிவைத்த சமையற்குறிப்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தொழிற்சங்க வேலைகளில் இருபது வருஷம் கழித்த தோழர் ஒருவர் இடைமறித்தார்: "சாகக் கிடக்கிறவங்க கேக்குக்கு எத்தனை முட்டை போடணும்னு எழுதி வச்சாங்க, சரி. அதுல என்ன அரசியல் இருக்கு? பசியில கனவு கண்டாங்க, அவ்வளவுதானே?" கூட்டத்திலிருந்த பெண் எழுத்தாளர் ஒருவர் உடனே மறுத்தார்: "அந்தக் கனவை உட்கார்ந்து எழுதினாங்க பாருங்க, அதுதான் அரசியல்." இருவரும் அவரவர் இடத்திலேயே நின்றுகொண்டார்கள். நான் மழுப்பலாக எதையோ சொல்லிச் சமாளித்தேன். இந்தக் கட்டுரை அந்த மழுப்பலுக்கான பிராயச்சித்தம்.

விஷயம் இதுதான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அழித்தொழிக்கப்பட்ட ஐரோப்பிய யூதக் குடும்பங்களின் வரலாற்றைத் தேடிப் புறப்படுகிறவர்களுக்கு முதலில் கையில் கிடைப்பவை அரசாங்கத் தாள்கள். நாடுகடத்தல் பட்டியல், ரயில் எண், முகாம் பதிவேடு. இவையெல்லாம் கொன்றவர்களும் அவர்களுக்குக் கணக்கெழுதியவர்களும் விட்டுச்சென்ற பிரதிகள். இவற்றில் பெயர் உண்டு, தேதி உண்டு, குடும்பம் கிடையாது. குடும்பம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டது என்று பார்த்தால் மிஞ்சுபவற்றில் முக்கியமானவை இரண்டு: பாட்டியின் சமையல் நோட்டு ஒன்று, போர்க்கால நாட்குறிப்பு இன்னொன்று. இரண்டையும் தமிழில் 'குறிப்பு' என்றே சொல்கிறோம். இந்தச் சொல் ஒற்றுமை என்னைக் கொஞ்ச நாளாகவே தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. காரணம், இரண்டு குறிப்புகளும் ஒரே குடும்பத்தைச் சொல்வதில்லை. சமையற்குறிப்பு சொல்லும் குடும்பத்தை நாட்குறிப்பு மறுக்கிறது. நாட்குறிப்பு சொல்வதைக் கேட்கச் சகிக்காமல் வாரிசுகள் சமையற்குறிப்பின் பக்கம் ஒதுங்குகிறார்கள். இந்த ஒதுங்கலைத்தான் நாம் வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

2

மினா பெக்டரின் கதையிலிருந்து தொடங்கலாம். 1996இல் 'நினைவின் சமையலறையில்' என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஆங்கில நூல் வெளிவந்தது. தொகுத்தவர் காரா டி சில்வா. ஜெர்மனிலிருந்து மொழிபெயர்த்த பியாங்கா ஸ்டெய்னர் பிரவுன் அதே முகாமிலிருந்து உயிர் மீண்டவர். முகாமின் பெயர் தெரேசியன்ஸ்டாட். செக் மொழியில் தெரெசீன். 1941 இறுதியிலிருந்து 1945 வரை ஏறத்தாழ 1,40,000 யூதர்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் சுமார் 33,000 பேர் பசியாலும் நோயாலும் அங்கேயே இறந்தார்கள். 88,000 பேரளவில் கிழக்கே இருந்த கொலை முகாம்களுக்கும் கொலைக்களங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

மினாவின் மகள் ஆனி 1939இல் தன் மகனோடு பாலஸ்தீனத்துக்குப் போய்விட்டார். தாய் கூடப் போகவில்லை. வயசானவளை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று இருந்துவிட்டார். பிறகு தெரேசியன்ஸ்டாட். அங்கே தன்னோடு இருந்த பெண்கள் சொன்ன குறிப்புகளைச் சேர்த்துத் தைத்த ஒரு கையெழுத்து நோட்டு, சில கடிதங்கள், கவிதைகள், பேரனோடு எடுத்த ஒரு புகைப்படம் - இவற்றைப் பொட்டலமாகக் கட்டி, பழம்பொருள் வியாபாரியான ஒரு நண்பரிடம் கொடுத்து, மகளிடம் சேர்க்கச் சொன்னார். 1944ஆம் ஆண்டின் யோம் கிப்பூர் நாளில் இறந்துபோனார். யூதர்கள் நாள் முழுக்க உபவாசம் இருக்கும் நாள் அது.

பொட்டலம் அலைந்த கதை தனி. வியாபாரியிடம் மகளின் முகவரி இல்லை. பல வருஷம் கழித்து இஸ்ரேலுக்குப் போன உறவினர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். அதற்குள் ஆனி தன் மகன் இருந்த அமெரிக்காவுக்குப் போய்விட்டிருந்தார். கை மாறிக் கை மாறி, தாய் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு, நியூயார்க்கில் ஆனியின் தொலைபேசி ஒலித்தது. உங்கள் அம்மாவிடமிருந்து ஒரு பொட்டலம் வந்திருக்கிறது என்று முன்பின் தெரியாத ஒருவர் சொன்னார். வந்ததைப் பிரித்து முழுசாகப் படிக்க ஆனிக்கு மனம் துணியவில்லை. அதற்கே ஆண்டுகள் ஆயின. தாயின் கை நீண்டு வந்து தொடுவது போன்ற ஒன்றைச் சட்டென்று பிரிக்க முடியுமா?

இனி நோட்டுக்கு வருவோம். பல பெண்களின் கையெழுத்து. பெரும்பாலும் ஜெர்மன், கொஞ்சம் செக். கேக், ஸ்ட்ரூடல், மாவு உருண்டைகள், பாடன் ஊர் கேரமல் மிட்டாய். அந்த பாடனிலிருந்து யூதர்கள் 1938க்குப் பிறகு துரத்தப்பட்டார்கள். மிட்டாயின் பெயரில் மட்டும் ஊர் கூடவே வந்துவிட்டது. இந்தக் குறிப்புகளை வைத்து ஒழுங்காகச் சமைக்க முடியாது. பொருள் பட்டியலில் இருக்கும் ஒன்று செய்முறையில் காணாமல் போகிறது. சிலவற்றில் ஒரு கட்டமே விடுபட்டுவிடுகிறது. பசி ஞாபகத்தைத் தின்றிருக்கிறது. தொகுப்பாளர் இவற்றைத் திருத்தாமல் அப்படியே அச்சிட்டார். சரியான முடிவு என்றுதான் சொல்வேன். விடுபட்ட முட்டையைச் சேர்த்திருந்தால் நமக்கு ஒரு கேக் கிடைத்திருக்கும், ஆவணம் போயிருக்கும்.

இப்படி உணவைப் பேசிப் பேசியே பசியாறப் பார்ப்பதை அங்கிருந்தவர்கள் 'வாயால் சமைப்பது' என்று சொல்லிக்கொண்டார்கள். தெரேசியன்ஸ்டாட்டில் மட்டும் நடந்ததல்ல இது. ஆஷ்விட்ஸ் பற்றி எழுதிய பிரிமோ லெவியும் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஒருவன் தன் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றித் தொடங்குவான். மற்றவர்கள் வாயை மூடச் சொல்லித் திட்டுவார்கள். திட்டி முடிப்பதற்குள் இன்னொருவன் தொடங்கிவிடுவான். ஆக, உணவுப் பேச்சு அங்கே ஆறுதலாக மட்டும் இருக்கவில்லை. சித்திரவதையாகவும் இருந்தது. இதை ஆறுதல் என்று மட்டும் எழுதுகிறவர்கள் பாதியைத்தான் எழுதுகிறார்கள்.

3

நோட்டு வெளிவந்தபோது அதை வரவேற்றவர்கள் கையாண்ட முக்கியச் சொல்லாடல் 'ஆன்ம எதிர்ப்பு' என்பது. மனிதத்தன்மையைப் பறிக்கும் முகாமில் ஒரு பெண் தன் வீட்டுப் பலகாரத்தை எழுதிவைப்பது, நீ என்னை முழுசாக அழித்துவிடவில்லை என்று சொல்வதாகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு 'எதிர்ப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே ஒரு கிளர்ச்சி. விளிம்பு, சமையலறை, பெண்ணெழுத்து, மாற்று வரலாறு என்று நம் கையிலிருக்கும் கருவிகள் எல்லாமே இங்கே கச்சிதமாகப் பொருந்திப்போகின்றன. எனக்கு அந்தக் கச்சிதத்தின் மீதுதான் சந்தேகம்.

மினா சாகும்போது வயது எழுபதுக்கு மேல். தெரேசியன்ஸ்டாட்டில் பசியால் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முதியவர்கள். இது தற்செயல் அல்ல. உணவு அங்கே எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. கடின உழைப்பாளிகளுக்கு ஓர் அளவு, சாதாரண வேலைக்காரர்களுக்கு ஓர் அளவு, வேலை செய்யாதவர்களுக்கு ஆகக் குறைந்த அளவு. மொத்தம் எவ்வளவு என்பதை நாஜிகள் தீர்மானித்தார்கள். அந்தக் குறைந்த மொத்தத்தை யாருக்கு எவ்வளவு என்று பிரித்தது முகாமின் யூத நிர்வாகம். உழைக்க முடிந்தவர்களையும் குழந்தைகளையும் காப்பாற்றியாக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் கழிக்கப்பட்டவர்கள் கிழவர்களும் கிழவிகளும். கழுத்தில் கத்தி வைத்து எழுதச் சொன்ன கணக்கு அது என்பதை ஒருபோதும் மறக்கக்கூடாது; கத்தியைப் பிடித்திருந்தவன்தான் கொலைகாரன். ஆனால் மினாவின் நோட்டில் வெண்ணெயும் சர்க்கரையும் தாராளமாகக் கொட்டப்படும்போது, அந்தத் தாராளத்துக்குப் பின்னால் இந்தப் பங்கீடும் இருக்கிறது. 'ஆன்ம எதிர்ப்பு' என்ற சொல் அதைப் பார்க்கவிடாமல் மறைக்கிறது. எதிர்ப்பு என்று பெயர் வைத்த கையோடு நாம் நிம்மதியாகிவிடுகிறோம். செத்தவர்கள் கௌரவமாகச் செத்தார்கள் என்பதில் இருக்கிறவர்களுக்கு ஒரு நிம்மதி இருக்கிறது, இல்லையா?

4

இப்போது இன்னொரு குறிப்பு.

லோட்ஸ், போலந்து. 1940 ஏப்ரல் 30 அன்று அடைக்கப்பட்ட கெட்டோ. அதற்குள் தாவித் ஷெராகோவியாக் என்ற பையன், போர் தொடங்குவதற்கு முன் 1939 ஜூனில் தொடங்கி 1943 ஏப்ரல் வரை எழுதிய நாட்குறிப்பில் ஐந்து நோட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. படிப்பில் கெட்டிக்காரன். மார்க்சியம் படித்தவன், கெட்டோவுக்குள் மாணவர் போராட்டங்களில் ஈடுபட்டவன். அவன் எழுத்தில் ரொட்டியின் எடை, சூப்பின் நீர்மை, ரேஷன் அறிவிப்புகள் இவை ஓயாமல் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றோடு சேர்ந்து இன்னொன்றும் வருகிறது: அப்பா. வீட்டாரின் பங்கில் கைவைக்கும் அப்பா. தன் ரொட்டியைத் தின்றுவிட்டு மனைவி பிள்ளைகளின் ரொட்டிக்கும் கணக்குச் சொல்லாத அப்பா.

1942 செப்டம்பரில் கெட்டோவிலிருந்து குழந்தைகளையும் முதியோரையும் நோயாளிகளையும் பிடித்துச் செல்லும் வேட்டை நடந்தது. மருத்துவர்கள் வீட்டுக்கு வந்து தாவித்தின் தாயைப் பரிசோதித்து, பலவீனமானவள் என்று குறித்துக்கொண்டார்கள். குறித்தால் மரணம். அவள் வீட்டுக்குள் அங்குமிங்கும் ஓடித் தன்னை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அங்கே ஒளிந்திருந்த உறவினர்கள் அடுப்பில் விட்டுவைத்திருந்த சூப்பை அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவர்களுடைய பையிலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொண்டிருந்தார் என்று மகன் எழுதியிருக்கிறான்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கொலைக் காட்சிகளை நிறையப் படித்திருக்கிறோம். இது அப்படியில்லை. இது ஓர் அடுப்பு, ஒரு பாத்திரம், கொஞ்சம் சர்க்கரை. சமையலறைக் காட்சி. மினாவின் நோட்டில் இதற்கு இடமே இல்லை. ஒரு சமையற்குறிப்பால் இதைச் சொல்லவே முடியாது.

ஏன் முடியாது என்பதை இலக்கணமாகவே பார்க்கலாம். சமையற்குறிப்புக்கு எழுவாய் கிடையாது. எடு, உடை, சேர், கிளறு. பெரும்பாலும் அது ஏவலாகவோ 'யாரோ ஒருவர்' என்கிற பொதுச்சுட்டாகவோதான் இருக்கிறது. இறந்தகாலம் கிடையாது, இனிமேல் செய்யப்போகும் ஒருத்தியை நோக்கியே அது பேசுகிறது. தேதி கிடையாது. அளவு மட்டும் உண்டு. நாட்குறிப்பிலோ எழுவாய் உண்டு, தேதி உண்டு, இறந்தகாலம் உண்டு. அளவும் உண்டு. ஆனால் அது ரொட்டியின் அளவு, யார் யாருடையதைத் தின்றார்கள் என்ற அளவு. சமையற்குறிப்பில் அளவு என்பது கொடுப்பதற்கு. நாட்குறிப்பில் அளவு என்பது குற்றச்சாட்டுக்கு.

குற்றச்சாட்டு என்று சொல்லிவிட்டேன். அது அப்பாக்களின் மீது மட்டுமல்ல. அதே லோட்ஸ் கெட்டோவில் 1944 மே முதல் ஆகஸ்ட் வரை, பெயர் தெரியாத ஓர் இளைஞன் ஒரு பிரெஞ்சு நாவலின் ஓரங்களில் நாட்குறிப்பு எழுதியிருக்கிறான். போலிஷ், இத்திஷ், ஹீப்ரு, ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில். தொடக்கத்திலேயே ஓர் ஒப்புதல் இருக்கிறது. ஒரு வாரத்துக்கான தன் ரொட்டியை மூன்று நாளில் தின்று தீர்த்துவிட்டான். பசி தாங்காமல் தன் அன்புத் தங்கையின் ரொட்டியையும் எடுத்துத் தின்றுவிட்டான். யாரோ ஈவிரக்கமில்லாத திருடன் எடுத்துவிட்டான் என்று வீட்டில் சொல்லி, இல்லாத அந்தத் திருடனை எல்லார் முன்னாலும் சபிக்கவும் செய்தான். இந்த ஒப்புதலை அவன் ஆங்கிலத்தில் எழுதினான். தங்கைக்குத் தெரியாத மொழி என்பதாலா?

இந்த இரண்டு பிரதிகளையும் படித்துவிட்டு, 'நாட்குறிப்பு உண்மை, சமையற்குறிப்பு பொய்' என்று முடிவுகட்டிவிடலாம் என்று தோன்றும். அதுவும் அவசரம். தாவித்தின் அப்பா எப்போதுமே அப்படியா? தெரியாது, கோபத்திலும் பசியிலும் இருந்த ஒரு மகனின் கண் வழியாகத்தான் அவர் நமக்குக் கிடைக்கிறார். 1943 மார்ச்சில் அவரும் பசியில் செத்தார். ஆகஸ்டில் மகன் செத்தான். பசி என்பது ஒரு திட்டமிட்ட ஆயுதம். அது உடலை மட்டும் கொல்வதில்லை. ஒரு வீட்டுக்குள்ளே புகுந்து ஒருவரை இன்னொருவருக்குத் திருடனாக்குகிறது. நாட்குறிப்பு அந்த ஆயுதம் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறது. சமையற்குறிப்பு அந்த ஆயுதம் எதை உடைத்ததோ அதைச் சொல்கிறது: ஒருவர் இன்னொருவருக்காகச் சமைப்பது என்கிற அந்த எளிய ஏற்பாட்டை. ஆகையால் ஒன்றை இன்னொன்றின் மேல் வைத்துப் படிக்க வேண்டும். தனித்தனியாகப் படித்தால் ஒன்று நம்மை மயக்கும், இன்னொன்று மரத்துப்போகச் செய்யும்.

5

வாரிசுகள் அப்படிப் படிப்பதில்லை. படிக்க முடிவதில்லை. இங்கே ஓட்டோ ஃபிராங்கை நினைத்துக்கொள்ளலாம். ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு 1947இல் டச்சு மொழியில் முதலில் வந்தபோது அதைப் பதிப்பித்தவர் தகப்பன். தாயின் மீது மகள் கொட்டிய கசப்பு, உடல் பற்றிய பேச்சு இவற்றில் ஒரு பகுதியை அவர் விலக்கினார். 1986இல் வந்த ஆய்வுப் பதிப்புதான் மூலப்படிகளை அருகருகே வைத்துக் காட்டியது. அதற்கும் பிறகு 1998இல், பெற்றோரின் மணவாழ்வைப் பற்றி ஆன் எழுதிய ஐந்து பக்கங்கள் தனியாக இருந்தது வெளியே தெரிந்தது. மனைவியையும் இரண்டு மகள்களையும் பறிகொடுத்து ஒற்றை ஆளாகத் திரும்பிய மனிதரைத் 'தணிக்கையாளர்' என்று ஏச எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் நடந்தது என்ன என்று சொல்லியாக வேண்டும். எஞ்சியவர் குடும்பத்தைக் காப்பாற்ற விரும்பினார். உயிரைக் காப்பாற்ற முடியாதபோது படத்தையாவது. குடும்ப வரலாறு எழுதும் ஒவ்வொருவருக்குள்ளும் ஓர் ஓட்டோ ஃபிராங்க் இருக்கிறார்.

தாங்கள் அனுபவிக்காத பேரழிவைப் பெற்றோரின் நினைவாகவே சுமக்கும் தலைமுறையைப் பற்றி மரியான் ஹிர்ஷ் 1990களில் 'பின்நினைவு' என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தார். பொருள்கள், புகைப்படங்கள், சமையல் நோட்டுகள் வழியாக அது கைமாறுகிறது. நோட்டு ஒரு பொருளாக மட்டும் நின்றுவிட்டால் பாதகமில்லை. சமைத்துப் பார்க்கத் தொடங்கும்போது சிக்கல் வருகிறது. சமைத்த பண்டம் ருசியாக இருக்கும். ருசியாக இருக்கும் எதுவும் கடந்தகாலத்தோடு நமக்கு ஒரு சமாதானத்தை ஏற்படுத்திவிடும். பாட்டியை ருசித்துவிட்டோம் என்று நினைத்துவிடுவோம்.

6

இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். நம் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. அந்த வீடுகளில் சமைச்சது யாரு?

சுபோதிட்சா, அன்றைய யூகோஸ்லாவியா. 1941இல் ஹங்கேரி அந்த ஊரைப் பிடித்தது. 1944இல் ஸ்டீவன் ஃபென்வெஸின் குடும்பத்தை வீட்டைவிட்டு வெளியேற்றியபோது, அக்கம்பக்கத்தார் வசை பாடிக்கொண்டு, சூறையாடக் காத்துக்கொண்டு, படிக்கட்டில் வரிசையாக நின்றிருந்தார்கள். அந்த வரிசையில் குடும்பத்தின் பழைய சமையல்காரி மாரிஸும் இருந்தார். உள்ளே போனவர் எடுத்துக்கொண்டது வெள்ளிப் பாத்திரத்தையல்ல. வீட்டு அம்மாளின் சமையல் நோட்டையும், அவர் வரைந்த படங்கள் இருந்த உறையையும் எடுத்து மறைத்துவைத்தார். அந்த அம்மாள் ஆஷ்விட்ஸிலிருந்து திரும்பவில்லை. திரும்பிய பிள்ளைகளிடம் மாரிஸ் நோட்டைக் கொடுத்தார். இப்போது அது வாஷிங்டனில் உள்ள இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரபலமான சமையல் கலைஞர் ஒருவர் அதிலுள்ளவற்றைச் சமைத்து, விருந்து வைத்து, அருங்காட்சியகத்துக்கு நிதியும் திரட்டிக் கொடுத்திருக்கிறார்.

நல்ல காரியம்தான். ஆனால் அந்த நோட்டு யாருடைய குடும்ப வரலாறு? எழுதியது எஜமானி. அடுப்படியில் நின்றது சமையல்காரி. அவளுக்கு அந்தக் குறிப்புகள் கையிலேயே இருந்திருக்கும். அவளுக்கு நோட்டு தேவையே இல்லை. தனக்குத் தேவையில்லாத ஒன்றை, பிள்ளைகளுக்கு வேண்டியிருக்கும் என்று எடுத்து வைத்திருக்கிறாள். மத்திய ஐரோப்பாவின் வசதியான யூத வீடுகள் பலவற்றில் சமையல்காரிகள் இருந்தார்கள், பெரும்பாலும் கிறிஸ்தவ ஏழைப் பெண்கள். தெரேசியன்ஸ்டாட் நோட்டின் தடுமாற்றங்களுக்குப் பசி காரணம் என்கிறோம். உண்மை. அதோடு, சொல்லிச் செய்யவைத்துப் பழகியவர்களின் தடுமாற்றமும் சில இடங்களில் கலந்திருக்கக்கூடாதா? இது என் ஊகம் மட்டுமே. பரம்பரைச் சமையற்குறிப்பு என்று பெருமையோடு எடுத்துவைக்கும் எந்தச் சமூகத்திடமும் கேட்கத் தகுந்த கேள்வி என்பதால் ஊகத்தையும் எழுதிவைக்கிறேன்.

பசியும் எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. வார்சா கெட்டோவின் ரகசிய ஆவணத் தொகுப்பில், குழந்தைகள் தெருவில் பசியால் விழுந்து சாவதைப் பற்றிய குறிப்புகளோடு, அதே கெட்டோவின் உணவு விடுதிகளில் வறுத்த வாத்தும் உயர்ந்த ஒயினும் கிடைத்ததைக் காட்டும் விலைப்பட்டியல்களும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. கடத்தல்காரர்களும் பணமிருந்தவர்களும் கொஞ்ச காலம் சாப்பிட்டார்கள். பிறகு எல்லோரும் ஒரே ரயிலில் ஏற்றப்பட்டார்கள்.

7

அந்தத் தொகுப்பைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல விரும்புகிறேன். இரண்டு குறிப்புகளையும் ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டும் என்று நான் இங்கே சொல்வதை, அவர்கள் அங்கேயே, அப்போதே செய்தார்கள்.

இமானுவேல் ரிங்கல்ப்ளூம் வரலாற்றாசிரியர், இடதுசாரி இயக்கக்காரர். 1940 நவம்பரில், கெட்டோ மூடப்பட்ட நாட்களில், 'ஓனெக் ஷப்பாத்' என்ற மறைபெயரில் ஒரு குழுவைக் கூட்டினார். சபாத்தின் மகிழ்வு என்று பொருள். சனிக்கிழமைகளில் கூடினார்கள். நாட்குறிப்பு, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை, ரேஷன் அட்டை, மிட்டாய்க் காகிதம், டிராம் டிக்கெட், சுவரொட்டி என்று எதையும் சிறிதென்று தள்ளவில்லை. தங்களுக்குப் பாதகமானதையும் தள்ளவில்லை; யூதப் போலீஸின் அட்டூழியம், லஞ்சம், பணக்காரர்களின் கல்நெஞ்சம் எல்லாவற்றையும் எழுதவைத்தார்கள். கொலைகாரர்கள் நம் வரலாற்றை எழுதிவிடக்கூடாது என்ற வெறியும், அதற்காக நம்மைப் பற்றி நாமே பொய் எழுதிவிடக்கூடாது என்ற பிடிவாதமும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன. இந்தச் சேர்க்கை அபூர்வமானது. நம் இயக்கங்களுக்குள் இது எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அந்தக் குழுவில் ராகேல் ஔவர்பாக் இருந்தார். எழுத்தாளர். வார்சாவைவிட்டுப் போக நினைத்தவரை ரிங்கல்ப்ளூம் நிறுத்தி, லெஷ்னோ தெரு 40ஆம் எண்ணில் ஒரு கஞ்சித்தொட்டியை நடத்தச் சொன்னார். அதைப் பற்றி ஆவணத் தொகுப்புக்காக எழுதவும் சொன்னார். அவர் எழுதியதில் வீரம் எதுவும் இல்லை. ஒருவருக்காவது கூடுதலாகச் சூப் ஊற்றி உயிரைப் பிடித்துவைக்கலாம் என்று முயன்று, அதுவும் முடியாமல், இந்தச் சூப் யாரையும் காப்பாற்றவில்லை, சாவைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான் என்ற முடிவுக்கு அவர் வந்ததை எழுதினார். எழுதிவிட்டு மறுநாளும் கரண்டியைப் பிடித்தார். சமையலும் நாட்குறிப்பும் ஒரே கையில் இருந்த இடம் இது. தன் சமையலைப் பற்றித் தானே ஏமாறாத ஒரு சமையல். 'எதிர்ப்பு' என்ற சொல்லை வைத்தேயாக வேண்டுமென்றால் நான் இங்கே வைப்பேன்.

1942 ஆகஸ்டில் பத்துத் தகரப் பெட்டிகளிலும், 1943 பிப்ரவரியில் இரண்டு பால் கேன்களிலும் அந்தத் தாள்கள் மண்ணுக்குள் புதைக்கப்பட்டன. 1944 மார்ச்சில் ரிங்கல்ப்ளூம் மனைவி மகனோடு கொல்லப்பட்டார். குழுவிலிருந்த அறுபதுக்கு மேற்பட்டவர்களில் எஞ்சியவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவரான ராகேல், இடிபாடுகளைத் தோண்டச் சொல்லி வற்புறுத்திக்கொண்டே இருந்தார். 1946 செப்டம்பரில் பெட்டிகளும், 1950 டிசம்பரில் கேன்களும் கிடைத்தன. மூன்றாவது புதையல் கிடைக்கவில்லை.

8

மினா தன் பொட்டலத்துக்குச் சொன்ன முகவரி பாலஸ்தீனம். ஆனிக்கு அது உயிர் தப்பிய இடம். 1948இல் அதே மண்ணிலிருந்து ஏழு லட்சம் பாலஸ்தீனியர்கள் வெளியேற்றப்பட்டார்கள், விரட்டப்பட்டார்கள், ஓடினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் வீட்டுச் சாவியையும் பாட்டியின் கைப்பக்குவத்தையும் வைத்துக்கொண்டுதான் குடும்ப வரலாறு எழுதுகிறார்கள். இரண்டையும் தராசில் வைக்கச் சொல்லவில்லை, வைக்கவும் கூடாது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றின் வாயை அடைக்கக்கூடாது என்று மட்டும் சொல்கிறேன். முகாமில் பசியோடு எழுதப்பட்ட நோட்டுக்கு எந்த அரசும் வாரிசாக முடியாது. மினா அதை ஓர் அரசுக்கு எழுதவில்லை, மகளுக்கு எழுதினார்.

இனி அந்தத் தோழருக்கான பதில். 'பசியில கனவு கண்டாங்க, அவ்வளவுதானே' என்று கேட்டீர்கள். ஆமாம், கனவுதான். ஆனால் அந்தக் கனவை மட்டும் எடுத்துக்கொண்டு போவதும், கனவு என்று தள்ளிவிட்டுப் போவதும் ஒன்றுதான். இரண்டிலும் பசியை யார் உண்டாக்கினார்கள், யாருக்கு எவ்வளவு ஊற்றினார்கள், ஊற்றியபோது வீட்டுக்குள் என்ன நடந்தது என்ற கேள்விகள் விடுபட்டுவிடுகின்றன. அரசியல் இருப்பது அந்தக் கேள்விகளில்.

மினாவின் நோட்டுக்கு மகள் இருந்தாள், பேரன் இருந்தான். தாவித்தின் நோட்டுகளுக்கு யாரும் இல்லை. தாய், தகப்பன், தங்கை, அவன், ஒருவரும் மிஞ்சவில்லை. போர் முடிந்து அந்த வீட்டுக்குத் திரும்பி வந்த போலந்துக்காரர் ஒருவர்தான் நோட்டுகளை முதலில் பார்த்தார். அவை அடுப்பின் மேல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. சில நோட்டுகள் ஏற்கெனவே குளிருக்கு அடுப்பெரிக்கப் போய்விட்டிருந்தன. எரிந்தது போக மிச்சம் ஐந்து. நம் கையில் இருப்பது அந்த ஐந்துதான்.